பருந்தும் புறாவும் எக்செல் தாளும்: பரிணாமத்துக்குக் கணித மாதிரி செய்யும் முறை

இரண்டு ஆண் மான்கள் கொம்பு கோத்து முட்டிக்கொள்கின்றன. பெரும்பாலும் ஒன்று பின்வாங்கிவிடும். உயிர் போவது அபூர்வம். இனம் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று ஒரு காலத்தில் எளிதாகப் பதில் சொல்லிவிடுவார்கள். ஜான் மேனார்டு ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைஸும் 1973இல் நேச்சர் இதழில் வேறொரு பதிலைத் தந்தார்கள். இனத்தின் நன்மையை விட்டுவிட்டு ஒவ்வொரு விலங்கின் லாப நட்டத்தை மட்டும் கணக்குப் போட்டாலே அடக்கமான சண்டை நிலைத்துவிடும் என்று காட்டினார்கள். அந்தக் கட்டுரையில் ஐந்து உத்திகளைக் கணினியில் மோதவிட்டிருந்தார்கள். பின்னர் மேனார்டு ஸ்மித் அதை இரண்டு உத்தியாகச் சுருக்கியதுதான் பருந்து–புறா ஆட்டம். பருந்து, புறா என்பவை இங்கே பறவைகள் அல்ல, ஒரே இனத்து விலங்குகள் சண்டையில் நடந்துகொள்ளும் இரண்டு விதங்கள்.

மாதிரி கட்டப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. விடையைக் கையாலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பதால், கணினி தப்பாகச் சொன்னால் உடனே பிடிபடும். எடுத்த எடுப்பில் பத்தாயிரம் தனியன்களும் (தனித்தனி விலங்குகளும்) நாற்பது அளவுருக்களும் (நாமே மதிப்பு கொடுக்க வேண்டிய எண்களும்) உள்ள மாதிரியைக் கட்டுபவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் திரையில் என்ன வந்தாலும் நம்பித்தான் ஆக வேண்டும்.

தேவையானவை: ஒரு தாள், எக்செல் அல்லது வேறு விரிதாள், பாதி வழிக்கு மேல் பைதான் போன்ற ஒரு நிரல்மொழி. கணிதத்தில் நிகழ்தகவும் பள்ளிக்கூட இயற்கணிதமும் போதும்.

அட்டவணை

முதலில் எதற்குப் போட்டி, தோற்றால் என்ன போகும் என்று எண்ணில் எழுதுங்கள். பரிசின் மதிப்பு 2, காயத்தின் விலை 6 என்று வைப்போம். பருந்து காயம்படும்வரை சண்டை போடும். புறா மிரட்டிப் பார்க்கும், எதிராளி பாய்ந்தால் ஓடிவிடும்.

பருந்து பருந்தைச் சந்தித்தால் பாதி வாய்ப்பில் 2 கிடைக்கும், பாதி வாய்ப்பில் 6 போகும், சராசரி −2. பருந்து புறாவைச் சந்தித்தால் பருந்துக்கு 2, புறாவுக்கு 0. புறாவும் புறாவும் பங்கிட்டுக்கொள்ளும்: ஆளுக்கு 1. அட்டவணை இவ்வளவுதான். இதில் −2 என்ற எண்ணைத்தான் பலர் தப்பாகப் போடுவார்கள். பரிசிலிருந்து காயத்தை நேராகக் கழித்து −4 என்று எழுதிவிடுவார்கள். காயம் தோற்றவனுக்கு மட்டும்தான். கழித்த பிறகு இரண்டால் வகுக்க வேண்டும்.

தலைமுறைக் கணக்கு

கூட்டத்தில் பருந்துகளின் பங்கு 0.1 என்று தொடங்குங்கள். பருந்தின் சராசரி ஆதாயம் 0.1 × (−2) + 0.9 × 2 = 1.6. புறாவுக்கு 0.9 × 1 = 0.9. பருந்துக்குக் கூடுதல், ஆகவே பருந்து பெருகும். எவ்வளவு பெருகும் என்பதற்கு இந்த விதி:

அடுத்த பங்கு = இப்போதைய பங்கு × பருந்தின் தகுதி ÷ கூட்டத்தின் சராசரித் தகுதி

இங்கே தகுதி என்பது ஒரு தனியன் விட்டுச்செல்லும் சந்ததியின் அளவு. அது ஆதாயம் மட்டும் அல்ல. இந்தச் சண்டைக்கு வெளியேயும் விலங்குக்கு வாழ்க்கை உண்டு: இரை, துணை, இருப்பிடம். அதை அடிப்படைத் தகுதி 5 என்று கூட்டிக்கொள்ளுங்கள். பருந்து 6.6, புறா 5.9, சராசரி 5.97. அடுத்த பங்கு 0.66 ÷ 5.97 = 0.1106. அதற்கடுத்த வரிசையில் 0.1216 வரும். விரிதாளில் முதல் நெடுவரிசையில் தலைமுறை எண், இரண்டாவதில் பருந்தின் பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் இரு தகுதிகள், ஐந்தாவதில் சராசரி. இரண்டாம் வரிசையை எழுதிக் கீழே இழுத்துவிட்டால் நூறு தலைமுறை ஓடிவிடும். கோடு 0.333இல் போய்ப் படுத்துக்கொள்ளும். கையால் சரிபார்க்க: இரு ஆதாயங்களும் சமமாகும் இடம் பரிசு ÷ காயம், அதாவது 2 ÷ 6.

அடிப்படைத் தகுதி எதற்கு என்று நினைத்து அதை 0 ஆக்கினால் என்ன ஆகும்? பருந்தின் பங்கு 0.9இல் தொடங்கிப் பாருங்கள். பருந்துக்கு −1.6, புறாவுக்கு 0.1, சராசரி −1.43. அடுத்த பங்கு −1.44 ÷ −1.43 = 1.007. பங்கு ஒன்றைத் தாண்டிவிட்டது! விரிதாள் எந்தப் பிழையும் காட்டாது, அடுத்தடுத்த வரிசைகளை நிரப்பிக்கொண்டே போகும். தகுதி எதிர்மறை ஆகக் கூடாது என்பதை ஒரு தனி நெடுவரிசையில் சோதனையாகவே வைத்துவிடுங்கள். 5க்குப் பதில் 50 போட்டால் சேரும் இடம் மாறாது, சேரும் வேகம் மட்டும் குறையும். அதனால் "எத்தனை தலைமுறையில் சேர்ந்தது" என்ற எண்ணை அடிப்படைத் தகுதியைச் சொல்லாமல் எங்கேயும் எழுதாதீர்கள்.

இதையே தொடர்ச்சியான காலத்தில் எழுதினால் பீட்டர் டெய்லரும் லியோ ஜோங்கரும் 1978இல் தந்த பெருக்கச் சமன்பாடு வரும்: பங்கு மாறும் வேகம் = பங்கு × (தன் ஆதாயம் − சராசரி ஆதாயம்). இதில் அடிப்படைத் தகுதி கழித்தலில் அடிபட்டுப்போகும்.

0.333 என்ற விடைக்கு இரண்டு பொருள் உண்டு. மூன்றில் ஒரு விலங்கு எப்போதும் பருந்தாக இருக்கலாம். அல்லது எல்லா விலங்கும் மூன்றில் ஒரு முறை பருந்துபோல் நடக்கலாம். சமன்பாடு இரண்டையும் பிரித்துச் சொல்லாது. களத்தில் போய்ப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

சிறிய கூட்டம், தற்செயல்

மேலே போட்ட கணக்கில் கூட்டம் முடிவிலாப் பெரியது. உண்மையில் நூறு விலங்கு, இருநூறு விலங்கு என்றுதான் இருக்கும். அங்கே நல்ல உத்திகூட அதிர்ஷ்டக் குறைவால் அழிந்துபோகும். இதற்கு ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் மோரன் 1958இல் தந்த முறையே இன்றும் தொடக்கப்புள்ளி. பைதானில் எழுத வேண்டிய சுற்று இது:

1. தகுதிக்கு ஏற்ற வாய்ப்பில் ஒரு தனியனைப் பெற்றோராகத் தேர்ந்தெடு.
2. சம வாய்ப்பில் ஒரு தனியனை இறப்புக்குத் தேர்ந்தெடு. பெற்றோரே அகப்பட்டாலும் விலக்காதே.
3. இறந்த இடத்தில் பெற்றோரின் நகலை வை. கூட்டத்தின் அளவு மாறாது.
4. ஒரே வகை மட்டும் மிஞ்சும்வரை திரும்பச் செய்.

பருந்து–புறாவை உடனே இதில் போட்டுவிடாதீர்கள். முதலில் இரு வகைக்கும் தகுதி சமம் என்று வைத்து, 100 பேரில் ஒரே ஒரு புதியவனைப் போட்டு ஓட்டுங்கள். அவன் வகை முழுக் கூட்டத்தையும் பிடிக்கும் வாய்ப்பு துல்லியமாக 1/100. அதன் பிறகு புதியவனுக்குத் தகுதி 1.1 கொடுங்கள். சூத்திரம்:

(1 − 1/த) ÷ (1 − 1/(த-வின் எ-ஆம் அடுக்கு))

த என்பது புதியவனின் ஒப்புத் தகுதி, எ என்பது கூட்டத்தின் எண்ணிக்கை. 1.1, 100 என்று போட்டால் 0.091. பத்து சதவீதம் கூடுதல் திறமையோடு வந்தவன் பதினொன்றில் பத்து முறை சுவடே இல்லாமல் போய்விடுகிறான். 1.01 என்றால் 0.016 மட்டுமே; திறமை ஏதும் இல்லாதவனுக்கு உரிய 0.01இலிருந்து அதிகம் விலகவில்லை.

உங்கள் நிரல் தரும் எண் இதோடு ஒத்துப்போக வேண்டும். எத்தனை ஓட்டம் வேண்டும்? ஆயிரம் ஓட்டத்தில் 0.091ஐ அளந்தால் திட்டப்பிழை, அதாவது தற்செயலால் விடை வழக்கமாக விலகும் அளவு, 0.009. அதாவது 0.075 வந்தாலும் 0.107 வந்தாலும் நிரலைக் குறை சொல்ல முடியாது. பத்தாயிரம் ஓட்டத்தில் பிழை 0.003 ஆகிவிடும். நூறு ஓட்டம் ஓட்டிவிட்டு "1.1க்கும் 1.05க்கும் வித்தியாசமே இல்லை" என்று எழுதுவதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு.

ஓட்டம் மெதுவாக இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. புதியவர்களின் எண்ணிக்கை மாறும் அடிகளை மட்டும் பார்த்தால், ஒன்று கூடும் வாய்ப்பு எப்போதும் த ÷ (1 + த) தான், 1.1க்கு 0.524. ஆக 0.524 வாய்ப்பில் மேலே, மீதி வாய்ப்பில் கீழே என்று ஒரு எண்ணை நடக்கவிட்டால் போதும், எதுவும் மாறாத அடிகள் எல்லாம் மிச்சம். ஆனால் இப்படிச் செய்தால் காலக் கணக்கு போய்விடும். காலம் வேண்டுமானால் முழு முறையே ஓட வேண்டும். சம தகுதியில், வெற்றி பெற்ற ஓட்டங்கள் மட்டும் எடுத்துக்கொள்ளும் சராசரி காலம் எ × (எ − 1) அடி. நூறு பேருக்கு 9,900. எ அடிகள் சேர்ந்ததே ஒரு தலைமுறை என்பதால் அது 99 தலைமுறை. ஓர் அடியை ஒரு தலைமுறை என்று அச்சில் எழுதிவிட்ட வரைபடங்களை நிறையப் பார்க்கலாம்.

பல ஓட்டங்களின் சராசரியை மட்டும் வரையாதீர்கள். சராசரிக் கோடு 0.3இல் நிற்கிறது என்றால், எந்த ஓட்டத்திலும் பங்கு 0.3 இல்லாமலே இருக்கலாம். நூற்றில் முப்பது ஓட்டம் முழுதும் பிடித்தது, எழுபது அழிந்தது என்பதுதான் அதன் பொருளாக இருக்கும். இருபது தனித்தனி ஓட்டங்களை மெல்லிய கோடுகளாக வரைந்தாலே கதை தெரிந்துவிடும்.

சோதனை தேறியபின் பருந்து–புறாவைக் கொண்டுவாருங்கள். இங்கே ஒரு சின்ன இடத்தில் பெரிய தவறு நடக்கும். பத்துப் பேர் கூட்டத்தில் ஒரே ஒரு பருந்து. அதன் சராசரி ஆதாயம் என்ன? 0.1 × (−2) + 0.9 × 2 = 1.6 என்று போட்டால் அந்தப் பருந்து தன்னோடு தானே சண்டை போட்டதாக ஆகிறது. அதற்கு எதிராளிகள் ஒன்பது பேர், ஒன்பதும் புறா. ஆதாயம் 2. கூட்டம் பெரிதானால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். சின்னக் கூட்டத்தைப் படிக்கத்தான் இந்த மாதிரியே என்பதால் இங்கே மறைக்க முடியாது.

தகுதியை எதிர்மறை ஆகாமல் காக்க, ஆதாயத்தை ஒரு தேர்வு வலிமையால் (ஆதாயம் தகுதியை எவ்வளவு பாதிக்கிறது என்று காட்டும் எண்ணால்) பெருக்கி, இயற்கை மடக்கையின் அடிமானமான 2.718ஐ அந்த அடுக்குக்கு உயர்த்துங்கள். ஆதாயம் எவ்வளவு கீழே போனாலும் தகுதி நேர்மறையாகவே இருக்கும். வலிமை 0 என்றால் வெறும் அதிர்ஷ்டம்.

ஓட்டிப் பார்ப்பவர் அடுத்துக் கேட்பது: சமன்பாடு 1/3 என்றது, நிரலோ கடைசியில் எல்லாம் ஒரே வகை என்று முடிகிறதே? நிரலில் தவறில்லை. சடுதி மாற்றம் இல்லாத எல்லைக்குட்பட்ட கூட்டத்தில் ஒரு வகை என்றாவது ஒருநாள் அழிந்தே தீரும். அழிந்தது திரும்ப வர வழியில்லை. நகல் எடுக்கும்போது ஆயிரத்தில் ஒரு முறை வகை மாறட்டும் என்று ஒரு வரி சேருங்கள். பிறகு நீண்ட ஓட்டத்தில் பருந்துகளின் எண்ணிக்கை எந்தெந்த மதிப்பில் எவ்வளவு நேரம் இருந்தது என்று பட்டை வரைபடம் போடுங்கள். கூட்டமும் தேர்வு வலிமையும் போதிய அளவு இருந்தால் 1/3ஐச் சுற்றி மேடு எழும்பும்.

மனிதர்களுக்கு மாற்றும்போது

சமூகத்தில் உத்தி பரவுவதற்குப் பிள்ளை பிறக்க வேண்டாம். பார்த்துக் கற்றால் போதும். ஆகவே மாற வேண்டியது பிறப்பு–இறப்புச் சுற்று. ஒருவரைச் சம வாய்ப்பில் எடுங்கள், முன்மாதிரியாக இன்னொருவரை எடுங்கள். முதலாமவர் இரண்டாமவரைப் பின்பற்றும் வாய்ப்பு:

1 ÷ (1 + 2.718-இன் அடுக்கு[−வலிமை × ஆதாய வித்தியாசம்])

முன்மாதிரிக்கு 2 கூடுதல் என்று வைத்துக்கொண்டால், வலிமை 1இல் பின்பற்றும் வாய்ப்பு 0.88, வலிமை 0.1இல் 0.55, வலிமை 10இல் ஏறக்குறைய உறுதி. 0.1 என்பது அக்கம்பக்கத்தைப் பார்த்து ஏனோதானோ என்று நடக்கும் கூட்டம். 10 என்பது பைசா கணக்குப் பார்க்கும் கூட்டம். மனிதர்களிடம் இது எவ்வளவு என்று மாதிரி சொல்லாது, அதனால் மூன்று மதிப்பிலாவது ஓட்டிக் காட்டுங்கள். ஒன்றில் மட்டும் வரும் முடிவு அந்த மதிப்பைப் பற்றிய முடிவே தவிர சமூகத்தைப் பற்றியது அல்ல.

இங்கே எல்லோரும் எடுக்கும் ஆட்டம் கைதிகளின் இக்கட்டு: இருவர், மற்றவர் என்ன செய்வார் என்று தெரியாமலே, ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்சல்ராட் கணினி நிரல்களுக்கு இடையே வைத்த போட்டியின் எண்களையே வையுங்கள்: இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3, இருவரும் ஏமாற்றினால் 1, ஏமாற்றியவனுக்கு 5, ஏமாந்தவனுக்கு 0. முதல் போட்டிக்கு 14 நிரல்கள் வந்தன, ஒவ்வோர் ஆட்டமும் 200 சுற்று. அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய "பதிலுக்குப் பதில்" வென்றது: முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி போன சுற்றில் செய்ததையே செய். இரண்டாம் போட்டியில் 62 பேர் கலந்தும் அதுவே வென்றது.

உங்கள் நிரலில் இந்த உத்தி வெல்லாவிட்டால் பதறாதீர்கள். களத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது வெற்றி. அதைவிட முக்கியம், கை தவறுதல். இரண்டு "பதிலுக்குப் பதில்" ஆட்கள் ஒத்துழைத்துக்கொண்டே போகிறார்கள், ஆளுக்கு 3. ஒரு சுற்றில் முதல் ஆள் தவறுதலாக ஏமாற்றிவிடுகிறார். அடுத்த சுற்றில் இரண்டாமவர் பழி வாங்குகிறார், முதலாமவர் பழையபடி ஒத்துழைக்கிறார். அதற்கடுத்த சுற்றில் முதலாமவர் பழி வாங்குகிறார். 5, 0, 5, 0 என்று ஊஞ்சல் ஆடுகிறது; சராசரி 2.5 ஆகிவிட்டது. இன்னொரு தவறு நடந்தால் இருவரும் ஏமாற்றும் குழிக்குள்ளும் விழலாம். தவறு எவ்வளவு அபூர்வமாக இருந்தாலும் நெடுங்காலச் சராசரி 2.25தான், 3, 5, 0, 1 என்ற நான்கு நிலைகளிலும் சமமாக நேரம் கழிவதால்.

இந்த எண் உங்கள் நிரலுக்கு அருமையான சோதனை. தவறு வாய்ப்பை 0.01 என்று வைத்து ஒரு லட்சம் சுற்று ஓட்டுங்கள். 2.25க்குப் பக்கத்தில் வராமல் 3க்குப் பக்கத்தில் நின்றால், தவறிய செயலை எதிராளியின் நினைவில் பதியாமல் விட்டிருப்பீர்கள்: எண்ணிய செயலைச் சேமித்துவிட்டு, நடந்த செயலுக்கு மட்டும் புள்ளி கொடுத்திருப்பீர்கள்.

மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் 1993இல் எடுத்துக்காட்டிய உத்தி இதைத் தாங்குகிறது: 3 அல்லது 5 கிடைத்தால் செய்ததையே தொடர், 0 அல்லது 1 கிடைத்தால் மாற்று. தவறு நடந்த சுற்றில் ஒருவருக்கு 5, மற்றவருக்கு 0. ஐந்து வாங்கியவர் ஏமாற்றலைத் தொடர்கிறார், பூஜ்யம் வாங்கியவர் ஏமாற்றலுக்கு மாறுகிறார். இருவருக்கும் 1. இருவருமே மாற்ற, ஒத்துழைப்பு திரும்பிவிடுகிறது. ஒரே ஒரு கசப்பான சுற்றோடு சரி. ஆனால் எப்போதும் ஏமாற்றுபவன் எதிரே இருந்தால் இதே உத்தி 0, 1, 0, 1 என்று வாங்கி மாட்டிக்கொள்ளும். எதிராளிக்குச் சராசரி 3. எனவே கூட்டத்தில் ஏமாற்றுபவர்கள் நிறைந்த நிலையிலிருந்தும் ஒரு முறை தொடங்கிப் பார்க்க வேண்டும்.

கட்டங்கள்: எல்லோரும் ஒரே நொடியில் மாறுவதா?

நோவாக்கும் ராபர்ட் மேயும் 1992இல் இதைச் சதுரங்கக் கட்டங்களில் விரித்தார்கள். ஒவ்வொரு கட்டமும் சுற்றியுள்ள எட்டுப் பேரோடும் தன்னோடும் ஆடும். ஒத்துழைத்தால் இருவருக்கும் 1, ஏமாற்றியவனுக்கு 1.8க்கும் 2க்கும் இடைப்பட்ட மதிப்பு, மற்றதெல்லாம் 0. பிறகு ஒவ்வொருவரும் அண்டையில் அதிகம் பெற்றவரைப் பின்பற்ற வேண்டும். நினைவு, தண்டனை எதுவும் இல்லாமலே ஒத்துழைப்பவர்கள் திட்டுத்திட்டாகப் பிழைத்தார்கள். திரையில் கோலம் போட்டதுபோல் வடிவங்கள் விரிந்தன.

அடுத்த ஆண்டே ஹூபர்மனும் கிளான்ஸும் ஒரே ஒரு விதியை மாற்றினார்கள். எல்லாக் கட்டமும் ஒரே கடிகாரத் தட்டலில் மாறுவதற்குப் பதில், ஒவ்வொன்றாகத் தற்செயல் வரிசையில் மாறட்டும் என்றார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட மதிப்பில் கோலம் கலைந்து, எங்கும் ஏமாற்றுபவர்களே நிறைந்தார்கள். ஏமாற்றுதலின் பலன் இன்னும் குறைவாக இருந்தால் ஒன்றொன்றாக மாறினாலும் ஒத்துழைப்பு நிற்கும் என்று நோவாக் தரப்பு 1994இல் பதில் தந்தது. இருவர் சொன்னதும் சரியே. கட்ட மாதிரி கட்டும் எவரும் இரண்டு வழியிலும் ஓட்டிப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

நிரலில் இதற்கு நேர் எதிரான விபத்தும் உண்டு. ஒரே நொடியில் மாற வேண்டிய மாதிரியை எழுதும்போது பழைய பலகையின் மேலேயே புதிய மதிப்பை எழுதிவிடுவார்கள். இடப்பக்கக் கட்டம் மாறியதை வலப்பக்கக் கட்டம் அப்போதே பார்த்துவிடும். பரவல் ஒரு திசையில் சாயும். இரண்டு பலகை வையுங்கள், ஒன்றைப் படித்து மற்றதில் எழுதுங்கள். நடுவில் ஒரே ஒரு ஏமாற்றுபவனை வைத்துத் தொடங்கினால் வடிவம் நான்கு பக்கமும் சமச்சீராக வர வேண்டும். சாய்ந்தால் பலகைதான் குற்றவாளி.

பல்லியோடு ஒப்பிடும்போது

பேரி சினெர்வோவும் கர்ட்டிஸ் லைவ்லியும் 1996இல் கலிஃபோர்னியாவின் ஒரு வகைப் பல்லியைப் பற்றி எழுதினார்கள். ஆண்களின் தொண்டை நிறம் மூன்று. ஆரஞ்சு பெரிய எல்லையைப் பிடித்து நீலத்தை விரட்டும். நீலம் தன் துணையைக் காவல் காத்து மஞ்சளைத் தடுக்கும். மஞ்சள் பெண்ணைப்போல் நடித்து ஆரஞ்சின் எல்லைக்குள் நழுவும். கல்–காகிதம்–கத்தரிக்கோல் ஆட்டமேதான். ஆண்டுக்கு ஆண்டு பங்குகள் சுழன்றன.

இதை மாதிரியாக்கும்போது சுழற்சி விரிகிறதா, சுருங்குகிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குக் கணிப்பு முறையே பொய்ப்பதில் சொல்லிவிடும். வென்றால் 1, தோற்றால் −1, சமன் 0 என்று வைத்தால் பெருக்கச் சமன்பாட்டில் மூன்று பங்குகளின் பெருக்கற்பலன் மாறவே கூடாது. கல், காகிதம், கத்தரிக்கோல் பங்குகள் 0.5, 0.3, 0.2 என்று தொடங்குங்கள், பெருக்கினால் 0.03. காலத்தை 1 என்ற அடியில் நேர்கோடாக நகர்த்தினால் பங்குகள் 0.45, 0.39, 0.16 ஆகும், பெருக்கினால் 0.0281. அடியை 0.1 ஆக்கினால் 0.02998. எவ்வளவு சின்ன அடி வைத்தாலும் இந்த முறையில் பெருக்கற்பலன் குறையுமே தவிர ஒருபோதும் கூடாது. ஆயிரம் அடியில் சுழற்சி வெளியே விரிந்து ஒரு வகை அழிந்ததுபோல் தெரியும். இயற்கை அழிக்கவில்லை, கணிப்பு முறை அழித்தது. ஒவ்வோர் அடியிலும் வேகத்தை நான்கு முறை கணித்து நகரும் நான்காம் படி ரங்கே–குட்டா முறைக்கு மாறி, அடியை 0.01இல் வையுங்கள். பெருக்கற்பலனை ஒரு நெடுவரிசையாக எழுதிக்கொண்டே போங்கள்; ஆறாம் தசமத்தில் அசைந்தால்கூட அங்கேயே நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

உண்மைத் தரவோடு பொருத்துகையில் ஆதாய அட்டவணையைச் சுழற்சியிலிருந்தே கண்டுபிடித்து, பிறகு அதே அட்டவணை சுழற்சியைத் தருகிறது என்று மகிழ வேண்டாம். அட்டவணையை வேறிடத்திலிருந்து எடுங்கள்: எந்த நிற அண்டை வீட்டாருக்கு நடுவே எந்த நிற ஆணுக்கு எத்தனை துணை கிடைத்தது என்ற கள எண்ணிக்கையிலிருந்து. சில ஆண்டுகளின் தரவில் பொருத்திவிட்டு, தொடாமல் வைத்த மீதி ஆண்டுகளை மாதிரி முன்சொல்கிறதா என்று பாருங்கள். ஒவ்வோர் ஓட்டத்தோடும் தற்செயல் எண்ணின் தொடக்க விதை (அதே எண் வரிசையைத் திரும்ப வரவழைக்கும் எண்), கூட்டத்தின் அளவு, தேர்வு வலிமை, சடுதி மாற்ற வாய்ப்பு, மாறும் வரிசை ஒரே நொடியிலா ஒன்றொன்றாகவா என்ற ஐந்தையும் கோப்பின் முதல் வரியிலேயே எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த வரைபடத்தைத் திரும்ப வரையச் சொல்லிக் கேட்கப்போவது பெரும்பாலும் ஆய்விதழின் மதிப்பீட்டாளர்தான்.